கதவுக்கு 4 கோடி, காவலருக்கு 90 கோடி

பயங்கரவாதத் தடுப்புக்கும் உலக சுகாதாரத்துக்கும் வல்லரசுகள் எப்படிப் பணம் ஒதுக்குகின்றன என்று கேட்டு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில். ஒரே விஷயத்தைக் கேட்ட கடிதங்களைச் சேர்த்துவிட்டோம். தொகைகள் எல்லாம் அமெரிக்க டாலரில்.

பயங்கரவாத எதிர்ப்புக்கு அமெரிக்கா செலவழித்தது எவ்வளவு? ஏழை நாடுகளின் மருந்துக்கும் தடுப்பூசிக்கும் எவ்வளவு? ஆளுக்கொரு எண் சொல்கிறார்களே, எதை நம்புவது?
– எம்.எஸ்., திருச்சி

எதையெல்லாம் கணக்கில் சேர்க்கிறார்கள் என்பதைப் பொறுத்து எண் மாறுகிறது. வாஷிங்டனில் உள்ள ஸ்டிம்சன் மையம் 2018-ல் வெளியிட்ட கணக்குப்படி 2002 முதல் 2017 வரை ஆன செலவு 2.8 லட்சம் கோடி டாலர். விமான நிலையச் சோதனையும் இதில் உண்டு, ஆப்கானிஸ்தான், இராக், சிரியா போர்களும் உண்டு. உச்சத்தைத் தொட்ட 2008-ல் மட்டும் 26,000 கோடி. போர்ச் செலவு குறைந்தபின், 2017-ல் 17,500 கோடி. பிரவுன் பல்கலைக்கழகத்தின் போர்ச்செலவு ஆய்வுக் குழு 2021-ல் சொன்ன எண் 8 லட்சம் கோடி. போருக்கு வாங்கிய கடனின் வட்டியும், முன்னாள் வீரர்களுக்கு இனிவரும் பல பத்தாண்டுகளில் ஆகப்போகும் மருத்துவச் செலவும் அதில் அடக்கம். இரண்டும் பொய்யில்லை. யாராவது ஒரு தொகையைச் சொன்னால் போர் உள்ளே இருக்கிறதா, வட்டி இருக்கிறதா, வருங்காலச் செலவு இருக்கிறதா என்று மூன்றையும் கேட்டுவிடுங்கள்.

உலக சுகாதாரத்தின் கணக்கில் இவ்வளவு சிக்கல் கிடையாது. 2024 நிதியாண்டில் அமெரிக்கா அதற்கு ஒதுக்கியது சுமார் 1,240 கோடி. அந்த ஆண்டு மத்திய அரசின் மொத்தச் செலவு சுமார் 6.75 லட்சம் கோடி. நூறு டாலர் செலவில் 18 சென்ட் என்று வைத்துக்கொள்ளலாம். எய்ட்ஸ், மலேரியா, காசநோய், தாய்சேய் நலம், தடுப்பூசி எல்லாம் இந்த 18 சென்ட்டுக்குள்தான்.

வெளிநாட்டு உதவி முழுவதையும் சேர்த்தாலும் பட்ஜெட்டில் ஒரு சதவீதத்தை ஒட்டித்தான் வரும். ஆனால், கே.எஃப்.எஃப். என்ற சுகாதார ஆய்வு நிறுவனம் கருத்துக்கணிப்பில் கேட்டபோதெல்லாம் அமெரிக்கர்கள் சராசரியாகச் சொன்ன பதில் ‘கால் பங்கு’. கால் பங்கு வெளியே போகிறது என்று நம்புகிறவரிடம் பாதியை வெட்டப்போகிறோம் என்று சொன்னால், கை தட்டத்தான் செய்வார்.

2023-ல் மலேரியாவில் 5,97,000 பேர், காசநோயில் 12.5 லட்சம் பேர் இறந்தார்கள். அதே ஆண்டு உலகப் பயங்கரவாதக் குறியீட்டின்படி தாக்குதல்களில் இறந்தவர்கள் 8,352 பேர். இதற்கு மேலும் என்ன கணக்கு வேண்டிக் கிடக்கிறது?
– ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, மதுரை

வேண்டும் ஐயா. இறந்தோர் எண்ணிக்கை, பிரச்சினை எவ்வளவு பெரிது என்று காட்டும். அடுத்த டாலரை எங்கே போட்டால் என்ன கிடைக்கும் என்று அது காட்டாது. வங்கியில் கடன் கொடுக்கும்போது நீங்கள் பார்த்ததும் அந்த இரண்டாவது கேள்வியைத்தான்.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு விமானத்துக்குள்ளேயே இருக்கிறது. 2001 செப்டம்பர் 11-க்குப் பிறகு அமெரிக்கா இரண்டு ஏற்பாடுகள் செய்தது. ஒன்று, விமானி அறைக்குக் குண்டு துளைக்காத, உடைக்க முடியாத கதவு. 2003 ஏப்ரல் 9-க்குள் பயணிகள் விமானங்களில் பொருத்தியாக வேண்டும் என்று உத்தரவானது. மற்றொன்று, பயணிபோலச் சாதாரண உடையில் துப்பாக்கியோடு உட்கார்ந்து வரும் ஏர் மார்ஷல் படை. ஜான் முல்லர், மார்க் ஸ்டூவர்ட் என்ற இரு ஆய்வாளர்கள் 2008-ல் இவ்விரண்டையும் எடைபோட்டார்கள். அவர்கள் போட்ட கணக்கை அப்படியே தருகிறேன். நீங்களே சரிபார்க்கலாம்.

செப்டம்பர் 11 போன்ற தாக்குதல் பத்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் என்று எடுத்துக்கொண்டார்கள். 3,000 உயிரைப் பத்தால் வகுத்தால் ஆண்டுக்கு 300. எல்லா ஏற்பாடுகளும் சேர்ந்து இந்த 300 பேரையும் காப்பாற்றிவிடுகின்றன என்று தாராளமாகவே ஒப்புக்கொண்டார்கள். அதில் பாதிப் புகழை விமானம் ஏறும் முன் நடக்கும் சோதனைகளுக்கும் உளவுப் பணிக்கும் கொடுத்தார்கள். மீதிப் பாதியை மூன்றாகப் பிரித்தார்கள்: எதிர்த்துப் போராடும் பயணிகளுக்கும் ஊழியர்களுக்கும் ஒரு பங்கு, கதவுக்கு ஒரு பங்கு, மார்ஷலுக்கு ஒரு பங்கு. ஆக, கதவின் பங்கு 16.67 சதவீதம், அதாவது 50 உயிர். கதவுக்கு ஆண்டுச் செலவு 4 கோடி டாலர். ஓர் உயிருக்கு 8 லட்சம். மார்ஷல் இருப்பது பத்து விமானத்தில் ஒன்றில்தான் என்பதால் அந்தப் படையின் பங்கு 1.67 சதவீதமாகிவிடுகிறது, அதாவது 5 உயிர். செலவோ 90 கோடி. ஓர் உயிருக்கு 18 கோடி டாலர்.

சாலை, தொழிற்சாலை, குடிநீர் போன்றவற்றுக்கு விதி வகுக்கும்போது, ஓர் உயிரைக் காக்க 10 லட்சம் முதல் 1 கோடி டாலர் வரை செலவழிக்கலாம் என்பது அமெரிக்க அரசுத் துறைகளின் வழக்கம். கதவு அந்த வரம்புக்குள் வந்துவிடுகிறது. மார்ஷல் எங்கேயோ போய்விடுகிறார்! இரண்டுமே ‘பயங்கரவாதத் தடுப்பு’ என்ற ஒரே தலைப்பில் நிற்கின்றன. ஆகவே ‘பயங்கரவாதத் தடுப்பு வீண்’ என்று மொத்தமாகச் சொல்வது தவறு. அதற்குள்ளேயே கதவும் இருக்கிறது, மார்ஷலும் இருக்கிறார்.

மார்ஷல் வகையைச் சேர்ந்தவை இன்னும் உண்டு. பயணியின் முகபாவத்தைப் பார்த்துச் சந்தேகப்படும் ‘ஸ்பாட்’ திட்டத்துக்கு 2007 முதல் சுமார் 90 கோடி செலவானது. அது பலன் தருகிறது என்பதற்குச் சான்று இல்லை, நிதியைக் குறையுங்கள் என்று 2013 நவம்பரில் நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகமே எழுதியது. 2015-ல் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் சொந்த ஆட்கள் பயணிகள்போல நடித்துப் போலி ஆயுதங்களைக் கொண்டுபோனார்கள். 70 முறை முயன்றதில் 67 முறை பிடிபடவில்லை. அப்புறம் நியூ ஹாம்ப்ஷைர் மாநிலத்தின் கீன். சுமார் 23,000 பேர் வாழும் ஊர். அங்கே காவல்துறைக்கு ‘பேர்கேட்’ என்ற கவச வண்டி வாங்க ஏறத்தாழ 2,86,000 டாலர் மத்திய மானியம் கிடைத்தது. விண்ணப்பத்தில் எந்த இடத்தைக் காக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள் தெரியுமா? ஆண்டுதோறும் நடக்கும் பூசணித் திருவிழாவை.

இப்படிப்பட்ட பணம் ஏன் வற்றுவதில்லை? ஒரு மார்ஷல் திட்டத்தை நிறுத்திய மறுமாதம் ஏதாவது நடந்துவிட்டால், நிறுத்தியவரின் பெயர்தான் எல்லாப் பத்திரிகையிலும் வரும். நிறுத்தாமல் விட்டால் 90 கோடி வீணானதை யாரும் கவனிக்கப்போவதில்லை. அதிகாரி எந்தப் பக்கம் சாய்வார் என்று சொல்லவும் வேண்டுமா?

எதிர்த்தரப்பு வாதத்தையும் சொல்லியாக வேண்டும். மலேரியா இந்த ஆண்டு எத்தனை பேரைக் கொன்றதோ, ஏறத்தாழ அத்தனை பேரை அடுத்த ஆண்டும் கொல்லலாம். அதன் போக்கு ஓரளவு தெரியும். பயங்கரவாதம் அப்படியில்லை. பல ஆண்டு ஒன்றுமே இருக்காது, ஒரு காலையில் 2,977 பேர் போவார்கள். பயத்துக்கும் விலை உண்டு. 2001-க்குப் பின் விமானத்துக்குப் பயந்து காரில் போனவர்களால், ஓராண்டில் சாலைகளில் சுமார் 1,500 பேர் கூடுதலாக இறந்ததாக ஜெர்மன் உளவியலாளர் கெர்ட் கிகரென்ஸர் கணக்கிட்டார். ஆக, மக்களின் பயத்தைக் குறைக்கும் செலவை முற்றிலும் வீண் என்று தள்ள முடியாது. தவிர, எந்த அரசும் தன் குடிமக்களின் உயிருக்கே முதலிடம் தரும். ஆப்பிரிக்காவின் மலாவியில் ஓர் உயிரைச் சில ஆயிரம் டாலரில் காக்கலாம் என்பது உண்மை. ஆனால் அதை மட்டும் சொல்லி அமெரிக்க நாடாளுமன்றத்தில் ஓட்டு வாங்க முடியாது.

ஏர் மார்ஷல் படையைக் கலைத்துவிட்டால் அந்த 90 கோடி கொசுவலைக்குப் போகுமா?
– கல்லூரி மாணவி, நாகர்கோவில்

போகாது. இது பலருக்கும் தெரியாத சங்கதி. அமெரிக்காவில் ஆண்டு நிதி ஒதுக்கீடு 12 தனித்தனி மசோதாக்களாக வருகிறது. உள்நாட்டுப் பாதுகாப்புக்கு ஒன்று, வெளியுறவுக்கும் வெளிநாட்டு உதவிக்கும் வேறொன்று. ஒவ்வொரு துணைக்குழுவுக்கும் இவ்வளவுதான் என்று ஆரம்பத்திலேயே உச்சவரம்பு போட்டுவிடுவார்கள். மார்ஷலிடம் மிச்சமான பணம் அந்தக் குழுவின் வரம்புக்குள்ளேயே சுற்றி, கடலோரக் காவலுக்கோ எல்லைக் காவலுக்கோ போகும். குழு விட்டுக் குழு மாற்ற வேண்டுமானால், வரம்பு போடும் கட்டத்திலேயே தலைவர்கள் முடிவெடுத்திருக்க வேண்டும்.

இன்னொரு சூட்சுமமும் உண்டு. 2011-ல் செலவுக்கு உச்சவரம்புச் சட்டம் வந்தபோது, வெளிநாட்டுப் போர்ச் செலவு என்ற தனித் தலைப்பு அந்த வரம்புக்கு வெளியே நின்றது. அதனால் போர்க் கணக்கில் காட்டிய செலவு எதோடும் போட்டி போட வேண்டியதில்லை. சுகாதாரத் திட்டங்களில் பெரும்பாலானவை வரம்புக்குள் நின்று அடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

நோய்க்கும் இந்தச் சலுகை கிடைப்பதுண்டு, பயம் வந்தால் மட்டும். எபோலா அமெரிக்க மண்ணை எட்டிய 2014-ல், டிசம்பரிலேயே 540 கோடி அவசர நிதி கிடைத்தது. பயம் போனதும் கதை வேறு. 2009 பன்றிக் காய்ச்சலின்போது தேசியக் கையிருப்பிலிருந்து சுமார் 8.5 கோடி என்-95 முகக்கவசங்களை எடுத்துக் கொடுத்தார்கள். அந்த இடத்தைத் திரும்ப நிரப்பவில்லை. அதே கையிருப்பில் ஆந்த்ராக்ஸ் தடுப்பூசிக்கு மட்டும் ஆண்டுதோறும் பெருந்தொகை போய்க்கொண்டிருந்தது. 2001-ல் ஆந்த்ராக்ஸ் கிருமியை வைத்து அனுப்பிய கடிதங்களால் 22 பேர் பாதிக்கப்பட்டு 5 பேர் இறந்தார்கள். 2020-ல் கொரோனா வந்தபோது அமெரிக்க மருத்துவமனைகளில் செவிலியர்கள் பயன்படுத்திய முகக்கவசத்தையே திரும்பத் திரும்ப மாட்டிக்கொண்டார்கள்.

கொசுவலை, கொசுவலை என்கிறீர்கள். ஒரு மாவட்டத்துக்கு வலை கொடுக்க என்ன ஆகும்? அதில் ஊழலும் வீணும் இல்லையா?
– ஆர்.கே., கோவை

ஆப்பிரிக்காவில் 9 லட்சம் பேர் உள்ள ஒரு மாவட்டத்தை எடுத்துக்கொள்வோம். இருவருக்கு ஒரு வலை என்பது இலக்கு. ஆனால் ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு இரண்டரை வலை கொடுக்க முடியாது, மூன்று கொடுக்க வேண்டும். அதனால் மக்கள்தொகையை 2-ஆல் வகுக்காமல் 1.8-ஆல் வகுக்கிறார்கள். 5 லட்சம் வலை வருகிறது. வலையின் விலை 2 முதல் 3 டாலர். கப்பல், கிடங்கு, வீடுவீடாகப் பதிவு, விநியோகம் எல்லாம் சேர்த்து வலைக்கு 5 டாலர் என்று வைத்தால் 25 லட்சம் டாலர். கீன் ஊர்க் கவச வண்டியைப்போல எட்டு வண்டி வாங்கலாம். வலை விநியோகத்தால் ஓர் உயிரைக் காக்க ஏறக்குறைய 5,000 டாலர் ஆகிறது என்பது ‘கிவ்வெல்’ என்ற மதிப்பீட்டு அமைப்பின் கணக்கு. மலேரியா கடுமையாக உள்ள இடத்தில் அது குறையும், லேசான இடத்தில் கூடும்.

வீணாகும் இடங்களும் தெரிந்தவைதான். முதலாவது, காலம். மழைக்கு முன்னால் வலை வீடு போய்ச் சேர வேண்டும். துறைமுகத்தில் ஆறு வாரம் தேங்கினால் அந்தப் பருவம் கையை விட்டுப் போயிற்று. இரண்டாவது, மருந்து. வலையில் ஏற்றும் பைரெத்ராய்டு பூச்சிக்கொல்லிக்குப் பல பகுதிகளில் கொசுக்கள் பழகிவிட்டன. அங்கே பூச்சிக்கொல்லியின் வீரியத்தைக் கூட்டும் பி.பி.ஓ. சேர்த்த வலையோ, குளோர்ஃபெனாபிர் என்ற வேறு பூச்சிக்கொல்லி சேர்த்த வலையோ வேண்டும். இரண்டாவது வகையை உலக சுகாதார நிறுவனம் 2023 மார்ச்சில் பரிந்துரைத்தது. விலை சற்றுக் கூடுதல். ‘மலிவான வலையையே அதிகமாக வாங்குவோம்’ என்று நினைக்கும் அதிகாரி, கொசு சாகாத வலையை லட்சக்கணக்கில் வாங்கிவிடுவார். மூன்றாவது, பராமரிப்பு. புது வலையைப் பிரித்ததும் ஒரு நாள் நிழலில் காற்றாட விட வேண்டும். துவைக்கும்போது சாதாரண சோப்பு போதும். காரமான சலவைத்தூள் போட்டு வெயிலில் உலர்த்தினால் மருந்து போய்விடும். மூன்று ஆண்டு உழைக்கும் என்ற வலை, பல இடங்களில் அதற்கு முன்பே கிழிந்துவிடுகிறது. மீன் பிடிக்கவும் கொண்டுபோகிறார்கள், இல்லையென்று சொல்லவில்லை.

ஒரு எச்சரிக்கை. மார்ஷல் படையின் 90 கோடியை 5-ஆல் வகுத்து 18 கோடி வலை என்று மேடையில் பேசிவிடலாம். மலேரியா உள்ள நாடுகளுக்கு ஏற்கெனவே ஆண்டுக்கு ஏறத்தாழ 20 கோடி வலை போகிறது. அதை இருமடங்காக்கினால் பலன் இருமடங்காகாது. எளிதில் போகக்கூடிய ஊர்களுக்கு வலை போய்விட்டது. பாதையில்லாத, சண்டை நடக்கும் ஊர்கள்தான் மிச்சம். அங்கே வலையை விட அதைக் கொண்டுபோகும் செலவு அதிகம்.

பயங்கரவாத எதிர்ப்பே சுகாதாரத்தைக் கெடுத்ததுண்டா?
– மருத்துவர், யாழ்ப்பாணம்

உண்டு. பாகிஸ்தானின் அபோட்டாபாத்தில் 2011-ல் பின்லேடன் குடும்பத்தின் டி.என்.ஏ. கிடைக்குமா என்று பார்க்க, சி.ஐ.ஏ. ஒரு ஹெபடைடிஸ்-பி தடுப்பூசி முகாமை மறைப்பாகப் பயன்படுத்தியது. ஷகீல் அஃப்ரிடி என்ற மருத்துவர் அதை நடத்தினார். ஏழைகள் வாழும் பகுதியில் முதல் ஊசியைப் போட்டுவிட்டு, மீதி இரண்டு ஊசிகளைப் போடாமல் முகாமைப் பின்லேடன் வீடு இருந்த பகுதிக்கு மாற்றினார்கள். மூன்று ஊசி போட்டால்தான் அந்தத் தடுப்பூசிக்கு முழுப்பலன் என்பது உங்களுக்குத் தெரியும். சி.ஐ.ஏ.வுக்கு இதில் ஆன செலவு அற்பமாகத்தான் இருந்திருக்கும். விஷயம் வெளியே வந்தபின் சொட்டு மருந்து போடுகிறவர்கள் எல்லாம் உளவாளிகள் என்று பிரசாரம் நடந்தது. 2012-ல் வட வசிரிஸ்தானில் தாலிபான்கள் போலியோ முகாமுக்குத் தடை போட்டார்கள். ட்ரோன் தாக்குதல்கள் நிற்கும்வரை தடை என்றார்கள். அந்த டிசம்பரில் சில நாட்களுக்குள் முகாம் ஊழியர்கள் ஒன்பது பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பாகிஸ்தானில் 2012-ல் 58 ஆக இருந்த போலியோ பாதிப்பு 2014-ல் 306 ஆனது. எல்லாவற்றுக்கும் அந்த ஒரு முகாம்தான் காரணம் என்று சொல்ல முடியாது. போரும் இடப்பெயர்வும் உண்டு. ஆனால் இனித் தடுப்பூசித் திட்டங்களை உளவுக்குப் பயன்படுத்த மாட்டோம் என்று 2014 மே மாதம் வெள்ளை மாளிகை எழுதிக் கொடுக்க நேர்ந்தது. போலியோ ஒழிப்புக்குக் கோடிகளைக் கொட்டிவந்ததும் அதே அமெரிக்கா.

சட்ட வழியிலும் இடைஞ்சல் உண்டு, அது உங்கள் மண்ணைத் தொட்டது. பயங்கரவாத அமைப்புக்குப் ‘பொருளுதவி’ செய்வது அமெரிக்காவில் குற்றம். மருந்துக்கும் மதப் பொருள்களுக்கும் அதில் விலக்கு உண்டு, பயிற்சிக்கும் ஆலோசனைக்கும் இல்லை. சுனாமி நிவாரணம் கேட்டு முறைப்படி மனு போடப் புலிகளுக்குக் கற்றுத்தரலாமா என்பது உட்பட்ட வழக்கில், 2010 ஜூன் 21 அன்று, கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6–3 எனத் தீர்ப்பளித்தது. இந்த மாதிரிச் சட்டங்களால் வங்கிகளும் தொண்டு நிறுவனங்களும் பயந்து ஒதுங்கின. 2022 டிசம்பரில் ஐ.நா. பாதுகாப்புச் சபையின் 2664-ஆம் தீர்மானம், சபை விதித்த சொத்து முடக்கங்களிலிருந்து மனிதாபிமானப் பணிக்கு விலக்கு கொடுத்தது.

சுகாதார உதவியை வெட்டிப் பாதுகாப்புக்குக் கொடுத்தோம் என்று வெளிப்படையாகச் சொன்ன நாடு உண்டா?
– பி.ஜே., சென்னை

பிரிட்டன். 2025 பிப்ரவரி 25 அன்று பிரதமர் ஸ்டார்மர், ராணுவச் செலவை நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதமாக்க, வெளிநாட்டு உதவியைத் தேசிய வருமானத்தில் 0.5-லிருந்து 2027-க்குள் 0.3 சதவீதமாகக் குறைப்பதாக அறிவித்தார். மூன்றாம் நாள் வளர்ச்சித் துறை அமைச்சர் ஆனலீஸ் டாட்ஸ் ராஜினாமா செய்தார். இது பயங்கரவாதம் அல்ல, ரஷ்யா பற்றிய கவலை. ஆனால் எடுக்கும் பெட்டி அதேதான்.

இதெல்லாம் அமெரிக்கா, ஆப்பிரிக்கா சமாசாரம். நமக்கென்ன?
– கே.வி., ஓசூர்

மாத்திரை நம்முடையது. 2001-ல் மும்பையின் சிப்லா, மூன்று மருந்து கொண்ட எய்ட்ஸ் சிகிச்சையை ஆண்டுக்கு 350 டாலருக்குத் தருவதாகச் சொன்னது. அப்போது மேலை நாட்டு விலை 10,000 டாலருக்கு மேல். 2003-ல் புஷ் அறிவித்த ‘பெப்ஃபார்’ எய்ட்ஸ் திட்டம், ஐந்தாண்டுக்கு 1,500 கோடி டாலரோடு வந்தது. ஆரம்பத்தில் விலை உயர்ந்த கம்பெனி மருந்தையே வாங்கினார்கள். 2004-ல், அமெரிக்காவில் விற்காமல் இந்தத் திட்டத்துக்கு மட்டும் வாங்கலாம் என்று ஜெனரிக் மருந்துகளுக்குத் தற்காலிக ஒப்புதல் தரும் வழி பிறந்தது. அதன்பின் இந்திய ஆலைகளின் சரக்கு உள்ளே போனது. ஒரே டாலரில் பல மடங்கு நோயாளிகளுக்கு மருந்து கிடைத்தது அப்படித்தான். டோலுடெக்ராவிர் அடங்கிய இன்றைய கூட்டு மாத்திரை, ஓராண்டுக்கு 45 டாலருக்கும் கீழே வந்துவிட்டது. பெப்ஃபார் 2.5 கோடி உயிர்களைக் காத்தது என்பது அமெரிக்க அரசே சொல்லும் எண்.

புணேயின் சீரம் நிறுவனம் செய்யும் ஆர்-21 மலேரியா தடுப்பூசியும் இதே வழியில் போகிறது. டோஸ் 4 டாலருக்கும் குறைவு, ஒரு குழந்தைக்கு நான்கு டோஸ்.

எனவே வாஷிங்டன் குழாயை மூடினால் இங்கே சத்தம் கேட்கும். 2025 ஜனவரி 20 அன்று வெளிநாட்டு உதவியை 90 நாள் நிறுத்தி வைக்க உத்தரவு வந்தது. உயிர்காக்கும் பணிக்கு விலக்கு என்று 28-ஆம் தேதி சொன்னார்கள். விலக்குக் கடிதம் வந்தது, பணம் பட்டுவாடா செய்யும் ஏற்பாடுதான் முடங்கிக் கிடந்தது. பில் பாஸாகாமல் கிடங்கும் லாரியும் நின்றன. மார்ச்சில் அமெரிக்காவின் வெளிநாட்டு உதவி நிறுவனமான யு.எஸ்.எய்டின் திட்டங்களில் 83 சதவீதம் ரத்து என்றார்கள், ஜூலை 1-ஆம் தேதி அந்த நிறுவனத்தையே மூடினார்கள். அதே மாதம் நாடாளுமன்றம் சுமார் 900 கோடியைத் திரும்பப் பெறும் சட்டத்தை நிறைவேற்றியபோது, பெப்ஃபாரிலிருந்து எடுப்பதாக இருந்த 40 கோடியை மட்டும் செனட் உறுப்பினர்கள் போராடி விலக்கினார்கள்.

அடுத்து கவனிக்க வேண்டியது லெனகாபவிர். ஆறு மாதத்துக்கு ஒரு ஊசி, ஹெச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கிறது. ஹைதராபாத் மருந்து நிறுவனங்களான டாக்டர் ரெட்டீஸும் ஹெட்டிரோவும் 2027 முதல் ஆண்டுக்கு 40 டாலருக்குத் தருவதாக 2025 செப்டம்பரில் அறிவிப்பு வந்தது. ஹைதராபாத்தில் மருந்து தயாராகிவிடும். எத்தனை லட்சம் பேருக்கு ஆர்டர் வரும் என்பது வாஷிங்டனிலும் லண்டனிலும் அந்த ஆண்டு போடும் உச்சவரம்பைப் பொறுத்தது.